கண்ணாடி வெட்டும் கையும் நம் கணக்குப் பாடமும்

(வட்டார வள மையத்தில் நடந்த ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உள்ளூர்த் தொழில்களை வகுப்பறையோடு எப்படி இணைப்பது என்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். இந்தத் தலைப்பு வந்தாலே நாம் குயவரையும் நெசவாளரையும் சொல்லி முடித்துவிடுவோம். நான் இன்று வேறொருவரைப் பற்றிப் பேசப் போகிறேன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில், சாக்கு விரித்த மேசைக்குப் பின்னால் நின்று சன்னல் கண்ணாடி வெட்டிக்கொண்டிருப்பவர் அவர். நம் பள்ளியில் பந்து பட்டு ஒரு கண்ணாடி உடைந்தால் நினைவுக்கு வருவார். மாட்டி முடித்ததும் மறந்துவிடுவோம். நன்றாக மாட்டிய கண்ணாடி இருப்பதே தெரியாது அல்லவா, அதை மாட்டியவரும் அப்படித்தான்.

நான் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியர். எட்டாம் வகுப்புக்குக் கணக்கும் எடுக்கிறேன். இந்தத் தொழிலில் நம் பாடங்கள் எத்தனை இருக்கின்றன என்று முதலில் சொல்கிறேன். அதன் பிறகு, அதை வகுப்புக்குக் கொண்டுவருவதில் உள்ள ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும்.

அளவு எடுப்பதில் என்ன இருக்கிறது?

நம் ஊர்க் கண்ணாடிக் கடைகளில் நீள அகலம் அடி, அங்குலம், நூல் என்றே ஓடுகிறது. ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். விலை சதுர அடிக்கு. ஆனால் கண்ணாடியின் தடிமன் மட்டும் மில்லிமீட்டரில்: 4 மி.மீ., 5 மி.மீ., குளியலறைக்குப் போடும் பின்ஹெட் கண்ணாடி என்று கேட்டு வாங்குவோம். ஒரே மனிதர் ஒரே வேலையில் இரண்டு அளவு முறைகளைத் தடுமாறாமல் கையாளுகிறார்.

சட்டத்தின் அகலத்தை அவர் ஓரிடத்தில் அளந்து விடுவதில்லை. மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் டேப்பை வைப்பார். 24 அங்குலம் 3 நூல், 24 அங்குலம் 2 நூல், 24 அங்குலம் 4 நூல் என்று வந்தால் எதை எடுப்பார்? நம் பிள்ளைகளிடம் கேட்டால் சராசரி என்பார்கள். கண்ணாடிக்காரர் மிகச் சிறியதை எடுப்பார். சராசரி அளவில் வெட்டினால் நடுவில் கண்ணாடி உள்ளே போகாது. அந்தச் சிறிய அளவிலும் ஒரு நூல் கழித்து 24 அங்குலம் 1 நூல் என்று எழுதிக்கொள்வார். எந்த இடத்தில் சராசரி உதவும், எந்த இடத்தில் உதவாது என்று கற்பிக்க இதைவிட நல்ல கணக்கு எனக்குத் தெரியவில்லை.

அடுத்து, சட்டம் மூலைமட்டமாக இருக்கிறதா என்று பார்க்க எதிர் எதிர் மூலைகளுக்குக் குறுக்கே இரண்டு முறை அளப்பார். எதிர்ப் பக்கங்கள் சமமாக இருந்து, இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக இருந்தால் அது செவ்வகம். ஒன்று நீண்டு மற்றொன்று குறைந்தால் சட்டம் சாய்ந்திருக்கிறது. நாற்கரங்களின் பண்புகளில் நாம் கரும்பலகையில் எழுதிப் போடுவது இதுதான். 3 அடிக்கு 4 அடிச் சட்டமானால் மூலைவிட்டம் 5 அடி வர வேண்டும். பித்தாகரஸ் தேற்றம் சன்னலிலேயே நிற்கிறது.

எடையையும் கணக்கிடலாம். சன்னல் கண்ணாடியின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.5 கிராம். ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒவ்வொரு மி.மீ. தடிமனுக்கும் 2.5 கிலோ வரும். 4 அடிக்கு 3 அடி, 5 மி.மீ. கண்ணாடி ஏறக்குறைய 14 கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறுகிறவரின் உழைப்பு அப்போது பிள்ளைகளுக்கு எண்ணாகத் தெரியும்.

வெட்டுவது என்று சொல்கிறோம், வெட்டுவதில்லை

‘கண்ணாடி வெட்டுதல்’ என்பது பேச்சு வழக்கு. கட்டரின் சிறு சக்கரமோ அதன் நுனியில் உள்ள வைரமோ கண்ணாடியின் முழுத் தடிமனுக்குள் போவதில்லை. மேற்பரப்பில் ஒரு மெல்லிய கீறல் மட்டும் விழுகிறது. சக்கரத்தை மண்ணெண்ணெயில் தொட்டு, அளவுப் பட்டையை ஒட்டி, ஒரே அழுத்தத்தில், ஒரே இழுப்பில் கோடு போடுவார்கள். கோடு சரியாக விழுகிறதா என்பதைக் காதால் அறிவார்கள். சத்தம் இடைவிடாமல் சீராக வர வேண்டும். போட்ட கோட்டின் மேல் மறுபடி கட்டரை ஓட்டக் கூடாது. ஓட்டினால் கண்ணாடி கோணலாக உடையும், சக்கரமும் மழுங்கும்.

பிறகு கோட்டின் இரு பக்கமும் பிடித்து, கீறல் விரியும்படி வளைத்தால் கண்ணாடி கோட்டோடு பிரிந்துவிடும். காரணம் என்ன? கண்ணாடி அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. சிறு கீறல் இருந்தால் இழுக்கும் விசை முழுவதும் அந்தக் கீறலின் நுனியில் குவிகிறது. பிரிட்டனைச் சேர்ந்த கிரிஃபித் என்ற பொறியியலாளர் 1920இல் பொருள்கள் ஏன் உடைகின்றன என்று விளக்கியபோது, சோதனைக்கு எடுத்துக்கொண்ட பொருள் கண்ணாடிதான். பிள்ளைகளுக்கு இதை விளக்கக் கண்ணாடி வேண்டாம். ஒரு ஷாம்பு பாக்கெட் போதும். ஓரத்தில் சிறு வெட்டு இருக்கும் இடத்தில் எளிதாகக் கிழிகிறது, மற்ற இடத்தில் பல்லால் கடித்தாலும் கிழிவதில்லை. இரண்டும் ஒரே அறிவியல்.

சட்டத்துக்குள் விடும் இடைவெளி

அந்த ஒரு நூலைக் கழித்தது ஏன்? கண்ணாடியைச் சட்டத்துக்குள் இறுக்கமாகத் திணித்தால் அது ஒருநாள் விரிசல் விடும். வெயிலில் அலுமினியமும் விரியும், கண்ணாடியும் விரியும், இரண்டும் ஒரே அளவு விரிவதில்லை. ஒரு மீட்டர் நீளத்துக்கு, வெப்பநிலை 30 டிகிரி உயர்ந்தால், கண்ணாடி கால் மி.மீ.க்குச் சற்று மேல் விரியும். அலுமினியம் 0.7 மி.மீ. அளவுக்கு விரியும். மரச்சட்டமோ மழைக்காலத்தில் ஈரத்தால் உப்பும். இவை எல்லாவற்றுக்கும் இடம் கொடுப்பதுதான் அந்த இடைவெளி. தண்டவாளத்தின் இடைவெளியை மட்டும் உதாரணம் சொல்லி வருகிறோம். பல பிள்ளைகள் தண்டவாளத்தை அருகில் நின்று பார்த்ததே இல்லை. சன்னலோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

இடைவெளியை நிரப்பப் பழைய மரச் சன்னல்களில் பட்டி வைப்பார்கள். சுண்ணாம்புக்கல் மாவை ஆளிவிதை எண்ணெயில் பிசைந்தது பட்டி. அந்த எண்ணெய் தண்ணீரைப் போல ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து கெட்டியாகிறது. இன்று அலுமினியச் சன்னல்களில் ரப்பர் பீடிங்கும் சிலிகானும் அந்த வேலையைச் செய்கின்றன.

கடையில் கண்ணாடித் தகடுகளைப் படுக்க வைக்காமல் சாய்த்து நிறுத்தி வைத்திருப்பதையும் கவனியுங்கள். படுக்க வைத்தால் தன் எடையாலேயே வளைந்து, அடியில் ஒரு சிறு கல் இருந்தாலும் விரிசல் விடும். தகடுகளுக்கு நடுவே மழைத்தண்ணீர் இறங்கி நாள்கணக்கில் நின்றால், கண்ணாடியிலுள்ள காரப் பொருள் கரைந்து வெளுத்த கறை படியும். அந்தக் கறை துடைத்தாலும் போகாது.

மணலிலிருந்து சன்னல் வரை

மணல், சோடா உப்பு, சுண்ணாம்புக்கல் ஆகியவற்றை உருக்கிக் கண்ணாடி செய்கிறோம் என்று பாடம் நடத்துகிறோம். அது இவ்வளவு மட்டமாக, இரண்டு பக்கமும் வழுவழுப்பாக எப்படி வருகிறது? உருகிய வெள்ளீயத்தின் மேல் உருகிய கண்ணாடியை மிதக்க விடுகிறார்கள். வெள்ளீயத்தின் அடர்த்தி கண்ணாடியைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் என்பதால் கண்ணாடி எண்ணெய் போல மேலே பரவும். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸ் வரை குளிரும்போதும் திரவமாகவே இருக்கும். கண்ணாடி 600 டிகிரி அளவிலேயே கெட்டியாகிவிடுவதால் அதைத் தகடாக இழுத்துவிடலாம். இங்கிலாந்தில் அலெஸ்டர் பில்கிங்டன் உருவாக்கிய இந்த முறை 1959இல் அறிவிக்கப்பட்டது. நம் ஸ்ரீபெரும்புதூரில் இதே முறையில் கண்ணாடி செய்யும் செயின்ட் கோபைன் தொழிற்சாலை 2000ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. மிதத்தல் பாடத்துக்கு இதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு கருத்தைத் திருத்திக்கொள்வதும் நல்லது. ‘கண்ணாடி உண்மையில் மெல்ல வழியும் ஒரு திரவம், அதனால்தான் ஐரோப்பாவின் பழைய தேவாலயச் சன்னல்கள் அடியில் தடித்திருக்கின்றன’ என்று பலர் சொல்லக் கேட்டிருப்போம். அது சரியில்லை. அக்காலத்தில் கண்ணாடியை ஊதிச் சுழற்றித் தகடாக்கியபோது ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் வந்தது. சாதாரண வெப்பநிலையில் கண்ணாடி திண்மம்தான். அதன் உள்ளே துகள்கள் படிகம் போல ஒழுங்காக அடுக்கப்படவில்லை, அவ்வளவே.

விழும் கண்ணாடியைப் பிடிக்காதே

இந்தத் தொழிலுக்கு வரும் புதியவருக்கு முதலில் சொல்லித்தரும் பாடம், ‘கை நழுவினால் விட்டுவிடு, பிடிக்கப் போகாதே’ என்பது. விழுகிற பொருளைத் தாவிப் பிடிப்பது மனித இயல்பு. கண்ணாடியைத் தாவிப் பிடித்தால் மணிக்கட்டு நரம்பு போகும். கண்ணாடியின் விலை போனால் போகட்டும் என்று கைக்குப் பழக்குகிறார்கள்.

நம் பள்ளிகளில் என்ன நடக்கிறது? கண்ணாடி உடைந்தால், ‘யார் உடைச்சது, வந்து பொறுக்கு’ என்று பிள்ளையை அனுப்பும் வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து இது கூடாது. பிள்ளைகளை அப்புறப்படுத்திவிட்டு, பெரியவர் ஒருவர் செருப்போடும் தடித்த கையுறையோடும் பெரிய துண்டுகளை எடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொடித் துகள்களை ஈரத்தாளாலோ பிசைந்த மாவு உருண்டையாலோ ஒற்றி எடுக்கலாம். எல்லாவற்றையும் பல மடிப்புச் செய்தித்தாளில் சுற்றி, அட்டைப் பெட்டியில் போட்டு, மேலே ‘உடைந்த கண்ணாடி’ என்று பெரிதாக எழுத வேண்டும். குப்பையோடு குப்பையாகப் போட்டால் அறுபடுவது தூய்மைப் பணியாளரின் கை.

கண்ணாடிகளில் வகையும் தெரிந்திருக்க வேண்டும. சாதாரணக் கண்ணாடி உடைந்தால் வாள் போன்ற துண்டுகளாகும். 600 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று காற்றால் குளிரவைத்த கண்ணாடியைக் கடைகளில் ‘டஃபன்’ என்பார்கள். அது சாதாரணக் கண்ணாடியைப் போல நான்கைந்து மடங்கு வலிமையுள்ளது. உடைந்தால் சிறு சிறு கட்டிகளாக உதிரும். ஆனால் அதை ஒருமுறை செய்துவிட்டால் பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது. அளவில் ஒரு நூல் தவறினாலும் முழுக் கண்ணாடியும் வீண். மூன்றாவது வகை, இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. உடைந்தாலும் துண்டுகள் படலத்திலேயே ஒட்டி நிற்கும். பேருந்தின் முன்கண்ணாடி இந்த வகை. பள்ளியில் பிள்ளைகள் ஓடும் தாழ்வாரத்தில், முழங்கால் உயரத்தில் கண்ணாடி போட வேண்டி வந்தால் எந்த வகையைக் கேட்க வேண்டும் என்று தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் அறிந்திருப்பது நல்லது.

பத்தின் கீழ் பதினாறு

இனி நான் சொல்ல வந்த சிக்கலுக்கு வருகிறேன். என் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன். 3/8 + 7/8 என்று போட்டால் 10/16 என்று எழுதுவான். மேலே உள்ளதையும் கூட்டு, கீழே உள்ளதையும் கூட்டு. நாம் எல்லோரும் வருடா வருடம் பார்க்கும் தவறுதான். அவன் அடிக்கடி விடுப்பு எடுத்ததால் வீட்டாரைப் பார்க்கப் போனேன். அப்பாவுக்குக் கண்ணாடிக் கடை. அவன் மேசையருகே நின்று அப்பா சொல்லும் அளவுகளை நோட்டில் குறித்துக்கொண்டிருந்தான். “மூணு நூலும் ஏழு நூலும் சேர்ந்தா எவ்வளவுப்பா?” என்று கேட்டேன். “ஓர் அங்குலம் ரெண்டு நூல் டீச்சர்” என்றான். யோசிக்கவே இல்லை.

அடுத்த நாள் வகுப்பில் 3/8 என்பதை ‘மூன்று நூல்’ என்று படிக்கச் சொன்னேன். 10/16 வருவது நின்றது. ஆனால் அன்றே அவன் பின்னங்களில் தேறிவிட்டான் என்று சொல்ல மாட்டேன். 3/8 + 1/4 வந்ததும் நின்றுவிட்டான். கால் அங்குலம் எத்தனை நூல் என்றேன். “ரெண்டு நூல்” என்றான். அங்கிருந்து பொதுப் பகுதிக்கு வந்தோம். பிறகு 1/3 + 1/8 கொடுத்தேன். எட்டு நூலை மூன்றாகப் பிரித்தால் முழு நூலாக வராதே! அங்கே நூல் கைவிட்டது. அந்தக் கணக்குக்குப் பாடப்புத்தகத்தின் வழிதான் வேண்டியிருந்தது. தொழில் ஓரிடம் வரை கொண்டுவந்து விடும். அதற்கு மேல் கூட்டிப்போவது பள்ளியின் வேலை.

அந்த அப்பாவிடம், வகுப்புக்கு வந்து உங்கள் வேலையைப் பற்றி அரைமணி நேரம் பேச முடியுமா என்று கேட்டேன். அவர் கையில் பழைய வெட்டுத் தழும்புகள். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “வேற யாரையாவது கூப்பிடுங்க டீச்சர். என் பையன் எதிர்ல நான் கட்டரோட நின்னா, நாளைக்கு நீயும் இதுதான்டான்னு நாலு பேரு சொல்லிடுவாங்க. அவன் படிக்கட்டும்.”

இந்தப் பதிலை நாம் மதிக்க வேண்டும். நம் மாநிலத்துக்கு இதில் ஒரு வரலாறு உண்டு. 1953இல் தொடக்கப்பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்று ஒரு திட்டம் வந்தது. குலக்கல்வித் திட்டம் என்று அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. தொழிலை மதிப்பது வேறு, தகப்பன் தொழிலைப் பிள்ளையின் தலையில் கட்டுவது வேறு. உள்ளூர்த் தொழில்களை வகுப்புக்குக் கொண்டுவரும் நாம் இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது.

அதே நேரத்தில், ‘படிக்கலேன்னா கண்ணாடி வெட்டத்தான் போவே’ என்பது போன்ற பேச்சும் வகுப்பில் வேண்டாம். அதைக் கேட்கும் நாற்பது பேரில் ஒரு பிள்ளை வீட்டில் சோறு அந்த வேலையில் வருகிறது. அப்பாவின் வேலையைத் தண்டனையாகச் சொல்லும் இடத்துக்கு அந்தப் பிள்ளை எப்படி விருப்பத்தோடு வரும்?

நாம் செய்யக் கூடியவை

எங்கள் பள்ளியில் இரண்டு சன்னல்களுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தது. தலைமையாசிரியர் அனுமதியோடு, வேலைக்கு வந்த வேறொரு கண்ணாடிக்காரரிடம் கேட்டோம். மகிழ்ச்சியோடு ஒத்துக்கொண்டார். பிள்ளைகள் பத்தடி தள்ளி அமர்ந்து பார்த்தார்கள். மூன்று இடத்தில் ஏன் அளக்கிறீர்கள், கோட்டின் மேல் ஏன் மறுபடி கோடு போடவில்லை என்று அவர்களே கேட்டார்கள். அன்று அந்த மாணவன் தன் அப்பாவின் தொழிலைப் பற்றி வாய் திறக்கவில்லை. சொல்வதும் சொல்லாமலிருப்பதும் அவன் விருப்பம். இப்போது அவன் பக்கத்து உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான்.

உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது சிலவே. தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் சன்னல் சட்டத்தைப் பிள்ளைகளோடு சாணாலும் கயிறாலும் அளந்து பாருங்கள், மூலைவிட்டங்களை ஒப்பிடச் சொல்லுங்கள். மேல் வகுப்பு ஆசிரியர்கள் நூல் கணக்கையும் வெப்ப விரிவையும் பாடத்தில் சேருங்கள். கண்ணாடியைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், அட்டையை வெட்டியே எல்லாவற்றையும் செய்து காட்டலாம். தொழிலாளர் ஒருவரை அழைத்தால், ஒரு பிள்ளையின் பெற்றோராக இருந்தால், முதலில் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் தனியே கேளுங்கள். வந்தவருக்கு நாற்காலி போட்டு, பெயர் சொல்லி அறிமுகப்படுத்துங்கள். அன்றைய கூலி அவருக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதினான்கு வயது நிரம்பாத பிள்ளை கடையில் வேலைக்கு நிற்பதைக் கண்டால், பாடத்துக்கு நல்ல உதாரணம் கிடைத்தது என்று மட்டும் திரும்பி வந்துவிடாதீர்கள். அந்தப் பிள்ளையை வகுப்பில் உட்கார வைப்பதுதான் நம் முதல் பாடம்.